எல்லோரிடமும் போகிற குழந்தை

கேள்வி: நானும் கணவரும் தஞ்சாவூர்ப் பக்கம். 14 வருடமாக நியூஜெர்ஸியில் இருக்கிறோம், அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டோம். இந்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா மூலம் பதிவு செய்து, காத்திருந்து, மகாராஷ்டிராவில் ஒரு காப்பகத்தில் இருந்து நாலரை வயதுப் பெண்குழந்தையைத் தத்தெடுத்தோம். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கோயில், பூங்கா, கடை என்று எங்கே போனாலும் யாரிடமாவது ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறாள், மடியில் ஏறிக்கொள்கிறாள். “எவ்வளவு சமத்து, அதுக்குள்ள செட்டில் ஆயிட்டாளே” என்கிறார்கள். நான் தூக்கினால் மட்டும் விறைத்துக்கொள்கிறாள். அப்பாவிடம் போகிறாள், என்னிடம் வருவதில்லை. வாந்தி வரும்வரை சாப்பிடுகிறாள். தலையணைக்கு அடியில் சப்பாத்தியும் வாழைப்பழமும் ஒளித்து வைக்கிறாள். ராத்திரி அவள் அறையில் கண்ணைத் திறந்தபடி படுத்து, உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், அழுவதில்லை. அவளுக்குத் தெரிந்தது மராத்தி மட்டும். இப்போது அதையும் பேசுவதில்லை. ஊரில் இருந்து வந்திருக்கும் மாமியார், “பேரை மாத்து, தத்துங்கற பேச்சையே எடுக்காதே, நாளாக நாளாக மறந்துடும்” என்கிறார். இத்தனை வருடம் ஏங்கிய குழந்தை வந்தும் எனக்கு மனதில் எதுவும் பொங்கவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. நான் தாயாக லாயக்கில்லையோ? அடுத்த மாதம் விடுப்பு முடிகிறது. பிரீஸ்கூலில் சேர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோயிலில் பார்ப்பவர்கள் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் பெண் இன்னும் செட்டில் ஆகவில்லை. தன் ஆள் யார் என்று தெரியாததால்தான் யாரிடமும் தயங்காமல் போகிறாள். நீங்கள் எழுதியிருக்கும் மற்றவையும், விறைத்துக்கொள்வது, சாப்பாட்டை ஒளித்து வைப்பது, அழாமல் கிடப்பது எல்லாமே, இதே வேரில் இருந்து வருபவை. அதனால் இதை முதலில் பேசிவிடுவோம்.

காப்பகத்தில் அவள் வாழ்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அங்கே பார்த்துக்கொள்ளும் பெண்களைக் குழந்தைகள் ‘மாவ்ஷி’ என்று கூப்பிடுவார்கள், நாம் சித்தி, பெரியம்மா என்பதுபோல. காலையில் ஒரு மாவ்ஷி, மதியத்துக்கு மேல் வேறொருவர், ராத்திரிக்கு இன்னொருவர். பாசமானவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆனால் ஒருவர் பல பிள்ளைகளைப் பார்க்கவேண்டிய இடம் அது. வேலையை விட்டுப் போகிற மாவ்ஷி குழந்தையிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. பக்கத்தில் படுத்திருந்த தோழி ஒருநாள் காரில் ஏறிப் போவாள், பிறகு வரவே மாட்டாள். இடையில் யாராவது தங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்காகச் சாப்பாடு போட வருவார்கள். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிற பிள்ளைக்கு மடி கிடைக்கும், சாக்லேட் கிடைக்கும். ஓரமாக நிற்கிற பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் பெண் இதை நன்றாகக் கவனித்திருக்கிறாள். அங்கே அவளைக் காப்பாற்றிய அதே பழக்கம்தான் இங்கே உங்களைப் பயமுறுத்துகிறது.

இதுபற்றி எங்கள் குழந்தை மனநலத் துறைக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ருமேனியாவில் இருந்து வந்தது. 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது அங்கே அரசு விடுதிகளில் குழந்தைகள் இருந்த நிலையை உலகம் பார்த்தது. ருமேனியாவில் இருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை, பெரும்பாலும் அப்படிப்பட்ட விடுதிகளில் இருந்தவர்களை, மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழு அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தது. ஆறு மாத வயதுக்குள் விடுதியை விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேலும் அங்கே இருந்தவர்களில் ஒரு பகுதியினரிடம், அந்நியரோடு சட்டென்று ஒட்டிக்கொள்ளும் குணம் வருடக்கணக்கில் நீடித்தது. பிறகு புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், விடுதியில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒருவரைத் தன் ஆளாகப் பற்றிக்கொள்வதில் அவர்கள், விடுதியிலேயே தங்கியவர்களைவிட வெகுவாக முன்னேறினார்கள். உங்கள் பெண் நாலரை வயதில் வந்திருக்கிறாள். இன்றைய இந்தியக் காப்பகத்தை அன்றைய ருமேனிய விடுதியோடு ஒப்பிடவே முடியாது என்றாலும், அவளுக்கு நாள் எடுக்கும். இந்தக் குணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடவும் கூடும். ஆனால் பற்றிக்கொள்ளும் திறன் அவளிடம் இருக்கிறது. அப்பாவிடம் போகிறாள் என்று நீங்கள் எழுதிய வரியிலேயே அது தெரிகிறது.

இப்போது செய்யவேண்டியது, அவளுடைய உலகத்தைச் சின்னதாக்குவது. பசி, வலி, பயம், தூக்கம், இவை வரும்போதெல்லாம் யார் வருகிறார்களோ அவரைத்தான் குழந்தை தன் ஆளாகக் கற்றுக்கொள்ளும். பிறந்ததில் இருந்து ஒரே மடியில் வளர்கிற பிள்ளைக்கு இது ஆயிரக்கணக்கான தடவை நடந்து முடிந்திருக்கும். இவளுக்கு இப்போதுதான் தொடங்குகிறது. அதனால் அடுத்த ஆறு மாதமாவது ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, விழுந்தால் தூக்குவது இவற்றை நீங்களும் கணவரும் மட்டும் செய்யுங்கள். வேறு யாரும் வேண்டாம், பாட்டி உட்பட.

நம் குடும்பங்களில் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு குழந்தை பத்துப் பேர் கையில் மாறி மாறி வளர்வதுதான் நமக்குப் பெருமை. அந்த வளர்ப்பில் குறை ஒன்றும் இல்லை. யார் தூக்கினாலும், கடைசியில் எந்த மடிக்குத் திரும்பவேண்டும் என்று அந்தக் குழந்தைகளுக்குத் தெரியும். உங்கள் பெண்ணுக்கு அந்தத் திரும்பும் இடம் இன்னும் உண்டாகவில்லை. இந்த நிலையில் பத்துக் கைகளுக்குப் போனால், இது இன்னொரு காப்பகம், இவர்கள் இன்னும் சில மாவ்ஷிகள் என்றுதான் அவள் புரிந்துகொள்வாள்.

மாமியாரை ஒதுக்கிவைக்கச் சொல்லவில்லை. கடல் தாண்டிப் பேத்தியைப் பார்க்க வந்தவர். அவருக்கு வேலை நிறைய இருக்கிறது. ரசம் சாதம் குழையப் பிசைந்து தரட்டும், ஊட்டுவது உங்கள் கையாக இருக்கட்டும். சமையலையும் வீட்டையும் அவர் பார்த்துக்கொண்டால் குழந்தையோடு உட்கார உங்களுக்கு நேரம் கிடைக்கும். கதை சொல்லட்டும், பாட்டுப் பாடட்டும், அப்போது குழந்தை உங்கள் மடியில் இருக்கட்டும். குழந்தை தானாக அவர் மடியில் ஏறினால், “வாடா கண்ணு, அம்மாகிட்ட போலாம்” என்று கையைப் பிடித்து உங்களிடம் கொண்டுவந்து விடட்டும். ஒரு பாட்டியால் இந்தச் சமயத்தில் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி இதுதான். இதையெல்லாம் அவரிடம் உங்கள் கணவர்தான் சொல்லவேண்டும். மருமகள் வாயில் இருந்து வந்தால் அது வேறு மாதிரி விழும். மகன் உட்கார வைத்து, “டாக்டர் சொல்லியிருக்காங்கம்மா, ஆறு மாசம்தான், அப்புறம் முழுக்க உன் பேத்தி” என்று சொல்லட்டும். நான் சொன்னதாகவே சொல்லட்டும்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தவேண்டாம். வார நாளில், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். யாராவது தூக்க வந்தால், “கை கூப்பி வணக்கம் சொல்லக் கத்துக்கொடுக்கறோம், தூக்கவேணாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பிறந்தநாள் விழா, கொலுவுக்கு வீடு வீடாகப் போவது, வார இறுதிக் கூட்டங்கள் எல்லாம் இந்த வருடம் வேண்டாம். யாருடனும் கிளம்பிவிடுகிற குழந்தை என்பதால் வெளியே அவள் கையை விடாதீர்கள். பார்க்கிங் லாட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

உங்களை மிகவும் வருத்துவது அவள் உங்களிடம் வராததுதான் என்று புரிகிறது. தத்துக் குழந்தைகள் முதலில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு மற்றவரைத் தள்ளுவது மிகச் சாதாரணம். தள்ளப்படுவது பெரும்பாலும் தாய். காரணம் நீங்கள் செய்த எதுவும் இல்லை. அவள் வாழ்க்கையில் வந்து வந்து போனவர்கள் எல்லோரும் பெண்கள். ஓர் ஆண் இதுவரை அவளை விட்டுப் போனதில்லை, ஏனென்றால் அவள் பக்கத்தில் ஆண் யாரும் இருந்ததே இல்லை. பெண்ணின் கையில் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். அதனால் விறைக்கிறது.

இங்கே உங்கள் கணவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டும். குழந்தை ஓடிவருவது யாருக்கும் இனிக்கும், அதைப் பின்னால் தள்ளுவது எளிதில்லை. அவள் அடிபட்டு அவரிடம் வந்தால், தூக்கிக்கொண்டு நேராக உங்களிடம் வரட்டும். மூவரும் ஒன்றாக உட்காருங்கள், மருந்து போடுவது நீங்களாக இருக்கட்டும். பாலும் பழமும் உங்கள் கையில் இருந்தே போகட்டும். விளையாட்டும் குதிரை ஏற்றமும் அவருடையதாகவே இருக்கலாம்.

இழுத்து அணைக்காதீர்கள், முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்க்க வைக்காதீர்கள். நம்மிடம் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: தலைக்கு எண்ணெய் வைப்பது. அவளை உங்களுக்கு முன்னால் தரையில் உட்காரவைத்து, பின்னால் நீங்கள் உட்கார்ந்து, தேங்காயெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து விடுங்கள். முகம் பார்க்கவேண்டியதில்லை, பேசவேண்டியதில்லை, அவள் நினைத்த நேரத்தில் எழுந்து போகலாம். காப்பகத்தில் பேனுக்குப் பயந்து முடியை ஒட்ட வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, முடி வளர வளர வாரிப் பின்னிவிடும் நேரமும் நீளும். தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். தோள் இளகி உங்கள் முழங்காலில் சாய்கிற ஒரு நாள் வரும். அன்று அதைப் பெரிதுபடுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருங்கள்.

ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் ‘பிணைப்புச் சிகிச்சை’ என்ற பெயரில், குழந்தையைப் பிடித்து அமுக்கி, போர்வையில் சுற்றி, திமிர அனுமதிக்காமல் வைக்கும் முறைகளை விற்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள். 2000-இல் கொலராடோ மாநிலத்தில், ‘மறுபிறப்பு’ என்று பெயரிட்ட அப்படிப்பட்ட ஓர் அமர்வில் 10 வயதுத் தத்துமகள் ஒருத்தி மூச்சுத்திணறி இறந்துபோனாள். அந்த மாநிலம் அந்த முறையைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. குழந்தையை வலுக்கட்டாயமாகப் பிடித்துவைக்கச் சொல்லும் யாரிடமும் போகாதீர்கள்.

சாப்பாட்டு விஷயம் இவற்றில் சுலபமானது. தலையணைக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடித்துத் திட்டாதீர்கள், எடுத்து எறியாதீர்கள். அவள் கைக்கு எட்டும் உயரத்தில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு டப்பா வையுங்கள். வாழைப்பழம், பிஸ்கட், பொரி எப்போதும் அதில் இருக்கட்டும், தீரத் தீர அவள் கண் முன்னாலேயே நிரப்புங்கள். படுக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். தட்டில் கொஞ்சமாகப் போட்டு, கேட்கும்போதெல்லாம் மறுபடி போடுங்கள். போடும்போது “அஜூன் ஆஹே” என்று அவள் மொழியில் சொல்லுங்கள், இன்னும் இருக்கிறது என்று. வாந்தி வரும்வரை சாப்பிடுவது, அடுத்த வேளை வரும் என்ற நம்பிக்கை வரும்போது குறையும். சாப்பாட்டைத் தண்டனையாகவோ பரிசாகவோ எந்த நாளும் வைக்காதீர்கள்.

தூக்கத்துக்கு, அவள் படுக்கையை உங்கள் அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வரிசையாகப் பிள்ளைகள் படுத்திருக்க, விளக்கு எரிய, யாராவது இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்த ஹாலில் தூங்கிப் பழகியவள் அவள். நீங்கள் ஆசையாகப் பெயின்ட் அடித்து வைத்த தனியறை அவளுக்கு ஒரு பெரிய இருட்டு. உடம்பை ஆட்டுவது, யாரும் ஆட்டிவிடாததால் தன்னைத்தானே ஆட்டித் தூங்கவைத்துக்கொள்ளும் பழக்கம். கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். பக்கத்தில் படுத்து முதுகில் மெல்லத் தட்டிக்கொடுங்கள், அதுவும் அவள் விட்டால். அழாமல் இருப்பது எனக்குக் கவலையான விஷயம். அழுதால் ஆள் வரும் என்று தெரிந்த குழந்தைதான் அழும். அவள் என்றைக்காவது நடுராத்திரியில் உரக்க அழுது வீட்டை எழுப்பினால் பயப்படாதீர்கள், ஓடுங்கள்.

மொழிக்கு வருகிறேன். இந்த வயதில் வேறு மொழி வீட்டுக்குப் போகும் குழந்தைகள், பேசிக்கொண்டிருந்த மொழியைச் சில மாதங்களிலேயே இழந்துவிடுகிறார்கள். பழையது போய்ப் புதியது வராத இடைவெளியில் அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போகிறது. உங்கள் பெண் இப்போது அங்கே நிற்கிறாள். பசிக்கிறதா என்று கேட்க “பூக் லாக்லி கா”, வலிக்கிறதா என்று கேட்க “துக்த்தய் கா”, தண்ணீருக்குப் “பாணி” என்று தினமும் தேவைப்படும் சிலவற்றைக் கற்றுக்கொண்டு, கூடவே தமிழிலும் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் மராத்திக் குடும்பங்கள் இருக்கும். ஆசையாக அவளோடு பேச வருவார்கள். கொஞ்ச நாள் வேண்டாம். பழைய மொழி புது ஆட்கள் வாயில் இருந்து காதில் விழுந்தால், திரும்பக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள் என்று மிரளும் பிள்ளைகள் உண்டு. இதே காரணத்துக்காக முதல் வருடம் இந்தியப் பயணமும் வேண்டாம். அலுவலக வேலையாக உங்களில் ஒருவர் சூட்கேஸை எடுக்க நேர்ந்தால், எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று அவள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பள்ளிக்காக வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறவேண்டாம். நீங்கள் எந்த மொழியில் கொஞ்சுவீர்களோ, எந்த மொழியில் கோபப்படுவீர்களோ அந்தத் தமிழிலேயே அவளோடு பேசுங்கள். விளையாட்டு ஆங்கிலம் பள்ளி போன சில மாதங்களில் வந்துவிடும். அதை வைத்து ஏமாறாமல், இரண்டாம், மூன்றாம் வகுப்பில் பாடப்புத்தக ஆங்கிலம் புரிகிறதா என்று பாருங்கள், சிக்கல் அங்கேதான் தலைகாட்டும். மராத்தி போய்விடுகிறதே என்று நீங்கள் வருந்தினால் ஒன்று சொல்கிறேன். மான்ட்ரியலில் 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கைக்குழந்தையாகச் சீனாவில் இருந்து பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்கு வந்து, சீன மொழியில் ஒன்றுமே நினைவில்லாத 9 முதல் 17 வயதுப் பெண்களுக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். சீன ஒலிகள் கேட்டபோது, அம்மொழி பேசுகிறவர்களின் மூளை போலவே அவர்கள் மூளையும் வேலை செய்தது. ஒரு வயதை ஒட்டி வந்தவர்களிடமே அவ்வளவு மிச்சம் இருந்தது.

இதனால்தான் உங்கள் மாமியாரின் யோசனையை நான் ஏற்கவில்லை. நாலரை வயதில் தன் காலால் நடந்து விமானம் ஏறிய பிள்ளையிடம் எதை மறைப்பது? அவளுக்கு எல்லாம் தெரியும், சொல்ல மொழிதான் இல்லை. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசாவிட்டால், அது பேசக்கூடாத, வெட்கப்படவேண்டிய விஷயம் என்று எடுத்துக்கொள்வாள். காப்பகம், அவள் கட்டில், மாவ்ஷிகள், வாசல் மரம் என்று உங்களிடம் இருக்கும் படங்களை ஓர் ஆல்பத்தில் ஒட்டுங்கள். அவள் வந்தபோது போட்டிருந்த உடையைத் துவைத்துப் பத்திரமாக வையுங்கள். பெயரைத் தொடாதீர்கள். அங்கிருந்து அவள் கொண்டுவந்த உடைமை அது ஒன்றுதான். உங்கள் குலதெய்வத்தின் பெயர் வைக்க மாமியாருக்கு ஆசை இருந்தால் நடுப்பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெற்றவள் ஏன் விட்டுப்போனாள் என்று ஒருநாள் கேட்பாள். “உன்மேல் இருந்த பாசத்தால்தான் கொடுத்தாள்” என்று சொல்லிவிடாதீர்கள். பாசம் வைத்தால் விட்டுவிடுவார்கள் என்று குழந்தை கணக்குப் போடும், நீங்களும் அல்லவா பாசம் வைத்திருக்கிறீர்கள்! தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், எந்தக் குழந்தையும் தான் செய்த தப்பால் விடப்படுவதில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். காப்பகம் தந்த அறிக்கையில் அவள் பின்னணி பற்றி என்ன எழுதியிருந்தாலும் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். முதலில் கேட்கவேண்டியவள் அவள். “புண்ணியம் பண்ணீங்க”, “குழந்தை கொடுத்து வச்சது” என்று உறவினர்கள் அவள் முன்னால் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். நன்றிக்கடனோடு வளரவேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை. பிள்ளை வேண்டும் என்று போனது நீங்கள்தானே.

காகிதங்கள் விஷயத்தில் கறாராக இருங்கள். 1980-களில் இலங்கையில் இருந்து நெதர்லாந்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் தத்துப் போனவர்கள் இன்று நடுவயதில் பெற்றவளைத் தேடி வருகிறார்கள். பலருடைய பதிவுகளில் தாயின் பெயரே பொய். அந்த வேதனையைப் பார்த்தவர்களுக்குத்தான் ஓர் உண்மையான காகிதத்தின் மதிப்பு தெரியும். காராவின் விதிமுறைகள் வேர்களைத் தேட வழி வைத்திருக்கின்றன. மாவட்ட ஆட்சியர் தந்த தத்து ஆணை, நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கைப்படி காரா தந்த சான்றிதழ், குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். கொரியாவில் இருந்து சிறுவயதில் தத்து வந்து, பெற்றோர் குடியுரிமை வேலையை முடிக்காததால், நடுவயதில் நாடு கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2000-ஆம் வருடக் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் உங்கள் பெண்ணுக்குத் தானாகவே உரிமை தருகிறது என்றாலும் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

டாக்டரிடம் போயிருப்பீர்கள். ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி., ரத்தசோகை, ஈயம், தைராய்டு, குடல்புழு, கண், காது, பல் எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இந்தியாவில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள், அதனால் காசநோய்க்கு ஊசி போட்டுப் பார்ப்பதைவிட ரத்தப் பரிசோதனை நல்லது. இடுப்பிலோ முதுகிலோ பிறவியிலேயே நீலத் திட்டு இருந்தால் டாக்டர் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள், பள்ளியில் யாராவது அடிபட்ட காயம் என்று நினைத்துவிடாமல் இருக்க. இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தியாவில் இருந்து சுவீடனுக்குத் தத்துப் போன பெண்குழந்தைகளில் பலர், நல்ல சாப்பாட்டில் வேகமாக வளர்ந்து, சீக்கிரமே வயதுக்கு வந்தார்கள். ஏழு வயதில் இருந்தே வருடா வருடம் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

பிரீஸ்கூல் அடுத்த மாதம் வேண்டாம். நியூஜெர்ஸியில் ஆறு வயது வரை பள்ளி கட்டாயமில்லை. இருபது பிள்ளைகள், இரண்டு ஆயாக்கள், வரிசையில் சாப்பாடு என்பது அவள் விட்டுவந்த இடத்தை அப்படியே ஞாபகப்படுத்தும். உங்கள் கணவர் தன் விடுப்பை எடுத்துவிட்டாரா? அமெரிக்க மத்திய அரசின் குடும்ப விடுப்புச் சட்டப்படி தத்துக்கும் 12 வாரம் உண்டு, சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை போகாது. நிறுவனம் 50 பேராவது உள்ளதாக, அவர் அங்கே ஒரு வருடம் வேலை செய்தவராக இருந்தால், குழந்தை வந்த ஒரு வருடத்துக்குள் எடுக்கலாம். நீங்கள் வேலைக்குப் போகும்போது பகலில் அவர் இருக்கட்டும். காலை எண்ணெய், ராத்திரிச் சாப்பாடு, தூக்கம் உங்களுடையதாகவே இருக்கட்டும். அவள் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். வசந்தகாலத்தில் அரைநாள் பள்ளி பற்றி யோசிக்கலாம். அப்போது ஆசிரியையிடம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி உங்களைப் பற்றி. எதுவும் பொங்கவில்லை என்று எழுதினீர்கள். உங்களைத் தள்ளுகிற, ராத்திரி தூங்காத, மூன்று மாதம் முன்பு வரை பார்த்தே இராத நாலரை வயதுப் பெண்ணிடம் எதுவும் பொங்காதது இயற்கை. பெற்ற தாய்மார்களிலும் பலருக்கு முதல் மாதங்களில் அப்படித்தான். அவள் சாப்பாட்டை, தூக்கத்தை, விறைப்பை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கவனிப்பு இப்போதைக்கு அவளுக்குப் போதும். ஆனால் உங்கள் தூக்கமின்மையை நான் லேசாக எடுக்கவில்லை. தத்தெடுத்த தாய்மார்களுக்கும் மனச்சோர்வு வருகிறது, பிரசவம் நடக்காததால் யாரும் கேட்பதில்லை. இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கப் பிரசவமான பெண்களுக்குத் தரும் அதே பத்துக் கேள்வித் தாளை எனக்கும் கொடுங்கள் என்று கேளுங்கள். தாங்கவே முடியாமல் போகும் நேரம் எதுவானாலும் 988 என்ற மனநல அவசர உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் உங்கள் தத்து ஏஜென்சி, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று காராவுக்கு அறிக்கை அனுப்பவேண்டும். முதல் அறிக்கைக்கான நேரம் வந்துவிட்டது. குறை எழுதினால் குழந்தையைத் திரும்பக் கேட்பார்களோ என்று பயந்து, பெரும்பாலான பெற்றோர் சிரிக்கும் போட்டோவோடு “எல்லாம் நலம்” என்று முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எனக்கு எழுதியதை அப்படியே சோஷியல் வொர்க்கரிடம் சொல்லுங்கள். ஒத்துப்போவதில் சிரமம் இருந்தால் கவுன்சலிங்குக்கு ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை. தத்துக் குழந்தைகளோடு வேலை செய்து பழகிய குழந்தை மனநல நிபுணர் ஒருவரை உங்கள் ஊரில் கேளுங்கள். முதல் இரண்டு அமர்வுகளுக்குக் குழந்தை இல்லாமல் நீங்கள் இருவர் மட்டும் போய்வாருங்கள்.